எதிரில் நிற்பவர் நகர முடியுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு ஊழியர்கள் பணியிடத்தில் தங்கள் மதநம்பிக்கையை எந்த அளவுக்கு வெளிப்படுத்தலாம் என்று உங்கள் வாசகர் பக்கத்தில் சில வாரங்களாக வாதம் நடந்துவருகிறது. அலுவலகத்துக்குள் நுழையும்போது மதத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட வேண்டும் என்று ஒருவர் எழுதினார். கழற்றி மாட்டுவதற்கு நம்பிக்கை என்ன சட்டையா என்று அடுத்த வாரமே இன்னொருவர் கொதித்தார். இரண்டையும் படித்தேன். இருவரும் ஊழியரைப் பற்றியே பேசுகிறார்கள். அவர் நெற்றியில் என்ன, கழுத்தில் என்ன, தலையில் என்ன, மேசைமேல் என்ன என்பதே கவலை. மேசைக்கு அந்தப் பக்கம் விண்ணப்பத்தோடு நிற்கிறவரைப் பற்றியும், அதே ஊழியருக்குக் கீழே வேலை பார்க்கிறவரைப் பற்றியும் இருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த வரியை எழுதத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு நேரம் அதிகம்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். தொடக்கத்தில் சான்றிதழ் வழங்கும் முகப்பில் உட்கார்ந்தேன். பிற்காலம் முழுவதும் பணியமைப்புப் பிரிவில். அதாவது முதலில் பொதுமக்களின் முகங்களைப் பார்த்தேன், பிறகு சக ஊழியர்களின் விடுப்பு விண்ணப்பங்களையும் பணிப்பதிவேடுகளையும் பார்த்தேன். கடவுள் நம்பிக்கை உள்ளவள். நாள் தவறாமல் வழிபடுகிறவள். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்; இல்லாவிட்டால் கீழே வருவதைப் படித்துவிட்டு இது நாத்திகர் கடிதம் என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். எந்த மதம் என்று எழுதமாட்டேன். நான் சொல்லப்போகும் சக ஊழியர்களின் மதத்தையும் எழுதமாட்டேன். எழுதினால் அந்த இடத்திலேயே வாசகர்கள் கட்சி பிரிந்துவிடுவார்கள். அதற்கு மேல் நான் எதை எழுதினாலும் தங்கள் கட்சிக்குச் சாதகமா பாதகமா என்றுதான் படிப்பார்கள்.

முகப்பில் என் பக்கத்து இருக்கையில் ஒரு நண்பர் இருந்தார். வேலையில் கெட்டிக்காரர். காசு தொடமாட்டார். வரிசை நீண்டிருந்தால் மதிய உணவு நேரத்திலும் எழுந்து போகமாட்டார். இறப்புச் சான்றிதழுக்கு வருகிறவர்கள்மேல் அவருக்கு உண்மையான இரக்கம் உண்டு. அந்த இரக்கத்தில், தன் வழிபாட்டுக் கூட்டத்தின் துண்டறிக்கை ஒன்றை இழுப்பறையிலிருந்து எடுத்து அவர்களிடம் நீட்டுவார். "ஒரு நாள் வந்து பாருங்கள், மனம் ஆறும்" என்பார். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். சிலர் நன்றியும் சொன்னார்கள். ஒருவர்கூட மறுத்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை. எனக்கு அதுதான் உறுத்தியது. வருகிறவர்களில் வேறு மதத்தவர் இருப்பார்கள், எந்த மதமும் இல்லாதவர்கள் இருப்பார்கள், சாவு வீட்டுக் கோபத்தில் கடவுளோடு பேச்சை நிறுத்திவிட்டவர்கள் இருப்பார்கள். தெருமுனையில் அதே காகிதத்தை யாராவது நீட்டியிருந்தால் பாதிப் பேர் கையசைத்துவிட்டு நடந்திருப்பார்கள். இங்கே எல்லோரும் வாங்கியதற்குக் காரணம் ஒன்றுதான். காகிதம் நீட்டப்பட்ட நேரத்தில் சான்றிதழில் முத்திரை விழுந்திருக்கவில்லை.

ஒரு நாள் அவரிடம் சொன்னேன்: "கொடுப்பதானால் முத்திரை குத்தி, சான்றிதழை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகு கொடுங்கள்." அவர் சிரித்தார். "அதற்குப் பிறகு யாரம்மா நின்று வாங்குவார்கள்?" என்றார். என் வாதத்தை அவரே முடித்துவைத்துவிட்டார், ஆனால் அது அவருக்குத் தெரியவில்லை.

இந்த முத்திரையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய வழக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் பிரெமர்ட்டன் என்ற ஊரின் அரசுப் பள்ளியில் ஜோசஃப் கென்னடி என்பவர் கால்பந்து உதவிப் பயிற்சியாளர். ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுக்கோட்டில் முழந்தாளிட்டுப் பிரார்த்தனை செய்வது அவர் வழக்கம். முதலில் தனியாகச் செய்தார். நாளடைவில் மாணவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். 2015ஆம் ஆண்டு பள்ளி நிர்வாகம் நிறுத்தச் சொன்னது, அவர் கொஞ்ச நாள் விட்டிருந்து மீண்டும் தொடர்ந்தார், விடுப்பில் அனுப்பப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர் வென்றார். பணி முடிந்த கணத்தில் ஒரு மனிதர் தனக்காகச் செய்துகொள்ளும் அமைதியான பிரார்த்தனையை அரசின் பேச்சாகக் கருத முடியாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். அந்தக் கருத்தை நான் எதிர்க்கவில்லை. என் மேசையில் உட்கார்ந்து கண்மூடி அரை நிமிடம் நான் எதையாவது முணுமுணுத்தால் அதைத் தடுக்க அரசுக்கு என்ன வேலை?

ஆனால் அந்த வழக்கின் ஆவணங்களில் ஒரு தகவல் இருக்கிறது. ஒரு மாணவனின் தந்தை பள்ளியில் முறையிட்டிருக்கிறார். தன் மகனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, இருந்தும் கூட்டத்தில் போய் நிற்கிறான், நிற்காவிட்டால் ஆட்டத்தில் இறங்கும் வாய்ப்பு குறைந்துவிடுமோ என்று பயப்படுகிறான் என்பது அவர் சொன்னது. தீர்ப்புக்கு அடிப்படையான மூன்று பிரார்த்தனைகளில் யாரையும் வற்புறுத்தியதற்குச் சான்று இல்லை என்றது பெரும்பான்மை. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சோட்டோமேயரோ, பயிற்சியாளரைச் சுற்றி மாணவர்கள் முழந்தாளிட்டிருக்கும் புகைப்படங்களைத் தன் தீர்ப்பிலேயே சேர்த்துவிட்டார். பயிற்சியாளர் அந்தப் பையனிடம் வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கத் தேவையில்லை. களத்தில் யார் இறங்குவது என்பதில் அவருக்குப் பங்கு இருக்கிறது, அது பையனுக்குத் தெரியும். என் நண்பரின் கையில் இருந்த முத்திரையும் இதுவும் ஒன்றுதான்.

அந்த நாட்டிலிருந்தே இன்னொன்று. 2025ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று அமெரிக்க மத்திய அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகம் எல்லாத் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மேசையில் வேதநூல் வைத்திருக்கலாம், சிலுவை வைத்திருக்கலாம், இடைவேளையில் கூடிப் பிரார்த்திக்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இவற்றில் எனக்குச் சண்டை இல்லை. இவற்றில் பலவற்றை 1997ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிளின்டன் ஆட்சி வெளியிட்ட வழிகாட்டுதலே அனுமதித்திருந்தது. புதிய சுற்றறிக்கை அதற்கு மேலும் போகிறது. இடைவேளையில் ஓர் ஊழியர் இன்னொருவரிடம் தன் மதமே சரியானது, உன் நம்பிக்கையை நீ மறுபரிசீலனை செய் என்று மரியாதையாக வாதிடலாமாம். கேட்பவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட வேண்டுமாம். மேலதிகாரி தன் தேவாலயத்தின் ஈஸ்டர் வழிபாட்டுக்குத் தன்கீழ் உள்ள அனைவரையும் அழைத்துக் கைப்படக் குறிப்பெழுதி ஒட்டலாமாம். முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் மருத்துவர் நோயாளி குணமடைய அவர் அருகிலேயே பிரார்த்திக்கலாமாம்.

நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இரண்டு சமமான ஊழியர்களுக்கு நடுவில் அது போதும். நானும் என் தோழி ஒருத்தியும் மதிய உணவு நேரத்தில் பல ஆண்டுகள் கடவுளைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம். அவள் என்னை நிறுத்தச் சொல்வாள், நான் அவளை நிறுத்தச் சொல்வேன், யாரும் யாருக்கும் பயப்படவில்லை. ஆனால் தகுதிகாண் பருவத்தில் இருக்கும் ஒரு பெண் தன் அதிகாரியிடம் போய் "ஐயா, நிறுத்துங்கள்" என்று சொல்லிவிடுவாளா? படுக்கையில் கிடக்கும் நோயாளி, நாளை காலை ஊசி போடப்போகிற மருத்துவரிடம் "எனக்காகப் பிரார்த்திக்காதீர்கள்" என்று சொல்வாரா? விதியை எழுதியவர்கள் கீழே நின்று பார்த்ததில்லை போலிருக்கிறது.

1997ஆம் ஆண்டின் வழிகாட்டுதலை எழுதியவர்கள் கீழே நின்று பார்த்திருக்கிறார்கள். மேலதிகாரி பேசுவதற்கும் சக ஊழியர் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் தெளிவாகவே எழுதிவைத்தார்கள். தன் வீட்டுப் பிள்ளைகளின் சமயச் சடங்குக்கு மேலதிகாரி அலுவலகத்தாரை அழைக்கலாம். ஆனால் "இந்த வாரம் உன்னைத் தேவாலயத்தில் காணவில்லையே, அடுத்த ஞாயிறு எதிர்பார்க்கிறேன்" என்ற பாணியில் ஊழியரிடம் சொல்லக் கூடாது என்று எடுத்துக்காட்டோடு விளக்கியது அந்த ஆவணம். அந்த எடுத்துக்காட்டைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடல் கடந்து எங்கள் அதிகாரியை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் அதிகாரி கெட்டவர் அல்லர். மாற்றலாகி வந்த சில நாட்களிலேயே, அலுவலகம் திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு தன் அறையில் சிறு பிரார்த்தனை நடத்தத் தொடங்கினார். விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று முதல் நாளே சொன்னார். அந்த வார்த்தையை அவர் ஒருபோதும் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்காக அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முதலில் நாலைந்து பேர் போனார்கள். பிறகு ஒரு பிரிவே போனது. பிறகு, அந்த மதத்தைச் சேராதவர்களும் வாசல் ஓரமாகப் போய் நின்றார்கள். யாரும் அழைக்கவில்லை. நான் பணியமைப்புப் பிரிவில் இருந்ததால் எனக்கு வேறொன்றும் கண்ணில் பட்டது. பிரார்த்தனைக்குப் போகிறவர்களின் விடுப்பு விண்ணப்பங்கள் அன்று மாலையே கையொப்பத்தோடு திரும்பின. போகாதவர்களின் விண்ணப்பங்களில் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி வந்தது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் குறிப்பு என்ன செய்யும் என்று தெரியும். நிராகரிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. மேல்முறையீடும் செய்ய முடியாது. விண்ணப்பித்தவர் அதிகாரியின் அறை வாசலில் போய்க் காத்திருக்க வேண்டும். உள்ளே போனால் அவர் கனிவாகத்தான் பேசுவார். "காலையில் உங்களைப் பார்க்கவே முடிவதில்லையே?" என்பார். பிறகு கையொப்பமிடுவார்.

தட்டச்சுப் பிரிவில் ஒரு பெண் அப்போதுதான் பணியில் சேர்ந்திருந்தாள். வேறு மதம். கைக்குழந்தையை விட்டுவிட்டு வருகிறவள். காலைப் பத்து நிமிடம் அவளுக்குப் பெரிய விஷயம். இருந்தும் அவசரமாக ஓடிவந்து பின்வரிசையில் நிற்பாள். "உனக்கு எதற்கம்மா இது?" என்று கேட்டேன். "தகுதிகாண் பருவம் முடியட்டும் அக்கா" என்றாள். அவளுக்கு எந்த இறையியலும் தேவைப்படவில்லை. பணிவரன்முறை ஆணை தேவைப்பட்டது.

அந்த அதிகாரி இதையெல்லாம் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. தினம் காலையில் பார்க்கிற முகங்களின்மேல் மனிதருக்கு இயல்பாகவே நம்பிக்கை பிறக்கும்; அவ்வளவுதான் நடந்திருக்கும். சிக்கலே அதில்தான் இருக்கிறது. தீய எண்ணம் இருந்தால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கலாம். நல்ல எண்ணத்தோடு நடக்கும் பாகுபாட்டுக்கு எந்தப் படிவமும் இல்லை.

இனி செருப்பு வாசகரிடம் வருகிறேன். மேலே எழுதியதைப் படித்துவிட்டு அவர் மகிழ்ந்திருப்பார்: பார்த்தீர்களா, எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டியதுதானே? ஐயா, நான் சொன்ன இரண்டு பேருமே உடலில் எந்தச் சின்னமும் அணியாதவர்கள். உங்கள் விதி அவர்களைத் தொடவே தொடாது. அது தொடுவது வேறு ஆட்களை.

பிரான்சில் அந்த விதி இருக்கிறது. அங்கே அரசு ஊழியர் எந்தப் பதவியில் இருந்தாலும் பணி நேரத்தில் மதச்சின்னம் அணியக் கூடாது. நான்த்தேர் நகரில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்த ஒரு பெண், முக்காட்டைக் கழற்ற மறுத்ததால் 2000ஆம் ஆண்டு ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் வேலை இழந்தார். 2015ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் பிரான்சின் பக்கமே தீர்ப்பளித்தது. அவர் நோயாளிகளிடம் மதம் பேசினார் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. என் பக்கத்து இருக்கை நண்பர் அந்த மருத்துவமனையில் இருந்திருந்தால் சீருடையில் பளிச்சென்று, விதிப்படி, துண்டறிக்கை அகப்படாத வரை, ஓய்வு பெறும் நாள்வரை இருந்திருப்பார்.

பெல்ஜியத்தில் ஆன்ஸ் என்ற நகராட்சியில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே முக்காடு அணிய அனுமதி கேட்ட பெண் ஊழியர் பெரும்பாலும் பொதுமக்களைச் சந்திக்காத வேலையில் இருந்தவர். அவர் கேட்ட பிறகுதான் நகராட்சி தன் பணி விதியையே திருத்தி, எந்தச் சின்னமும் கூடாது என்று எழுதியது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு நவம்பர் 28 அன்று, நடுநிலையை இப்படிக் கடுமையாகவும் வகுக்கலாம், தளர்வாகவும் வகுக்கலாம், எப்படி வகுத்தாலும் எல்லோருக்கும் ஒரே சீராகப் பயன்படுத்த வேண்டும் என்றது. ஒரே சீராக என்பது நல்ல வார்த்தைதான். கோப்பறையில் உட்கார்ந்திருப்பவரின் தலைத்துணி எந்தக் குடிமகனை அச்சுறுத்துகிறது என்று அந்த நகராட்சியைக் கேட்க எனக்கு ஆசை.

பெரும்பான்மையின் சின்னம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதில் பெரிய கோளாறு. கனடாவின் கியூபெக் மாகாணம் 2019ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று, அரசுப் பள்ளி ஆசிரியர், காவலர், அரசு வழக்கறிஞர் முதலியோர் மதச்சின்னம் அணியத் தடை விதித்துச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் நிறைவேறிய அவையில், பேரவைத் தலைவரின் இருக்கைக்கு மேலே 1936ஆம் ஆண்டு முதல் ஒரு சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிடலாம் என்று 2008ஆம் ஆண்டு ஓர் ஆணையம் பரிந்துரைத்தபோது, அது நம் மரபு என்று அவை ஒருமனதாக மறுத்திருந்தது. ஆசிரியையின் முக்காடு மதம். அவைச் சுவரின் சிலுவை மரபு. சட்டம் வந்த பிறகு, 2019 ஜூலையில்தான் அதைக் கழற்றினார்கள். வெட்கப்பட்டாவது கழற்றினார்களே. ஜெர்மனியின் பவேரியா மாநிலமோ 2018ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் அரசு அலுவலகக் கட்டடங்களின் நுழைவாயிலில் சிலுவை மாட்ட வேண்டும் என்றே ஆணையிட்டது. அங்கும் மரபு என்ற காரணம்தான், நீதிமன்றத்திலும் அது நின்றது.

அதே ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு ஆசிரியைகளின் முக்காடு பற்றிச் சொன்னதுதான் எனக்கு ஏற்புடையது. ஏதோ கேடு வரலாம் என்ற பொதுவான ஊகத்தில் எல்லோருக்கும் தடை போட முடியாது, அந்தப் பள்ளியில் அமைதிக்கோ நடுநிலைக்கோ திட்டவட்டமான ஆபத்து இருப்பதைக் காட்ட வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டு, நீதிமன்ற அறையில் அரசின் சார்பில் அமரும் சட்டப் பயிற்சியாளருக்குத் தடை செல்லும் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டும் முரண் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீதிமன்ற அறையில் எதிரில் நிற்பவருக்கு ஒளிய இடமே இல்லை. உடல்நலம், பாதுகாப்பு போன்ற காரணங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. இங்கிலாந்தில் முதியோர் பிரிவுச் செவிலியர் ஒருவரின் கழுத்துச் சங்கிலியை, நோயாளி பிடித்து இழுக்கலாம் என்று கழற்றச் சொன்னார்கள். அங்கே தொங்கியது சிலுவையாக இல்லாமல் வெறும் முத்தாக இருந்தாலும் அதே பதில்தான். கனடாவின் குதிரைப்படைக் காவல்துறையில் பல்தேஜ் சிங் தில்லான் தலைப்பாகை அணிய 1990ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தபோது, நாட்டின் அடையாளமே போயிற்று என்று எதிர்ப்பாளர்கள் கையொப்ப இயக்கம் நடத்தினார்கள். அவர் நீண்ட காலம் காவல் பணி செய்து ஓய்வும் பெற்றுவிட்டார். அடையாளம் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு இரக்கமே கிடையாது. என் நம்பிக்கைக்கு ஒவ்வாது, ஆகவே இந்த விண்ணப்பத்தில் கையொப்பமிடமாட்டேன் என்கிறவர்கள். கென்டக்கி மாநிலத்தில் ரோவன் மாவட்ட எழுத்தராக இருந்த கிம் டேவிஸ், 2015ஆம் ஆண்டு ஒருபாலினத் திருமணம் அமெரிக்கா முழுவதும் சட்டபூர்வமான பிறகு திருமண உரிமம் வழங்க மறுத்தார். தான் மட்டும் மறுக்கவில்லை. தன் அலுவலகத்தில் யாரும் வழங்கக் கூடாது என்றும் நிறுத்திவைத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறையில் இருந்துவிட்டு வந்தார். அவர் உள்ளே இருந்த நாட்களில் துணை எழுத்தர்கள் உரிமம் வழங்கினார்கள், வானம் இடிந்து விழவில்லை. மறு ஆண்டு அந்த மாநிலம் உரிமப் படிவத்திலிருந்து எழுத்தரின் பெயரையே எடுத்துவிட்டது. எவ்வளவு எளிய அலுவலகத் தீர்வு! இதை டேவிஸ் முன்பே கேட்டவர்தான். கேட்டுவிட்டு மற்றவர்களை வேலை செய்ய விட்டிருக்கலாம். முகப்பில் உட்கார்ந்திருந்தபோது எனக்கும் பிடிக்காத விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. விண்ணப்பத்தின் மேல் என் கருத்தை எழுத அதில் கட்டம் எதுவும் இல்லை.

லண்டனின் இஸ்லிங்டன் நகர்மன்றத்தில் ஒரு திருமணப் பதிவாளர், ஒருபாலின இணையரின் பதிவுகளைச் சக ஊழியர்களோடு ஓசைப்படாமல் மாற்றிக்கொண்டு வந்தார். சில காலம் சமாளித்தார். பிறகு சக ஊழியர்கள் இருவர் முறையிட்டார்கள். 2013ஆம் ஆண்டு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்திலும் அவர் தோற்றார். அவரை எண்ணி எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. வந்தவர்கள் ஒரு நிமிடம்கூடத் தாமதமின்றி, முகம் சுளிக்கப்படாமல், தங்களுக்காக ஆள் மாறியதே தெரியாமல் வேலை முடிந்து போனார்கள் என்றால் உள்ளே யார் எந்தக் கோப்பைப் பார்த்தார்கள் என்பது பிரிவுத் தலைவரின் தலைவலி. ஆனால் அந்த மாற்றத்தின் சுமை யார் தலையில் விழுந்தது என்று கேட்க வேண்டும். அந்த முறையீடு செய்தவர்களும் அதே அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள்தான்.

சுமை என்றதும் விடுப்பு ஞாபகத்துக்கு வருகிறது. பணியமைப்புப் பிரிவில் மதம் பெரும்பாலும் விடுப்பு விண்ணப்பமாகத்தான் வரும். அமெரிக்க அஞ்சல் துறையில் ஜெரால்ட் கிராஃப் என்பவர் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டேன், அது என் ஓய்வுநாள் என்றார். அவர் சேர்ந்தபோது ஞாயிறு விநியோகம் இல்லை. அமேசான் பொதிகளை ஞாயிறும் கொண்டுபோய்ச் சேர்க்கத் துறை ஒப்பந்தம் போட்ட பிறகுதான் சிக்கல் வந்தது. 2019ஆம் ஆண்டு பதவி விலகினார். 2023ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அற்பச் சிரமத்தைக் காட்டி இத்தகைய கோரிக்கையை மறுக்க முடியாது, கணிசமான கூடுதல் சுமை என்று நிர்வாகம் காட்ட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. அதே வேளையில், அவர் வராத ஞாயிறுகளில் அவருடைய பொதிகளையும் சேர்த்துத் தூக்கியவர்களுக்கும் பெயர்கள் உண்டு. அவை வழக்கின் தலைப்பில் வருவதில்லை. எங்கள் நாட்டு மத்திய அரசு ஊழியர்களுக்கு இதில் ஓர் எளிய ஏற்பாடு இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான விடுமுறைகள் போக, ஒரு நீண்ட பட்டியலிலிருந்து ஆண்டுக்கு 2 நாட்களை அவரவரே தேர்ந்துகொள்ளலாம். எந்த மதத்தவர் எந்த நாளை எடுக்க வேண்டும் என்று கட்டுப்பாடு இல்லை. காரணமும் எழுத வேண்டாம். என் பிரிவில் ஒருவர், அவருடைய மதத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பண்டிகை நாளைத்தான் ஆண்டுதோறும் எடுப்பார். அன்று அவர் மனைவியின் பிறந்தநாள். நான் கையொப்பமிடப் பரிந்துரைத்து அனுப்புவேன். இப்படி யாரும் யாரிடமும் நம்பிக்கையை நிரூபிக்கத் தேவையில்லாத ஏற்பாடுகள் இன்னும் பத்து இருந்தால் பாதி வழக்கு குறையும்.

இதையெல்லாம் விதியாக எழுத முடியுமா என்று கேட்பார்கள். முடியும். மேசையில் படம் எத்தனை அங்குலம், கயிறு எந்த நிறம் என்று அளந்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு அதிகாரம் செலுத்தப்படும் இடங்களை எழுத வேண்டும். பொதுமக்களின் வேலை நிலுவையில் இருக்கும்போது அவர்களிடம் மதம் பேசக் கூடாது, காகிதம் நீட்டக் கூடாது. விடுப்பு, பணியிட ஒதுக்கீடு, மந்தண அறிக்கை ஆகியவற்றில் கையொப்பமிடும் அதிகாரம் உள்ளவர், அந்தக் கையொப்பத்துக்கு உட்பட்டவர்களை அலுவலகத்துக்குள் எந்த வழிபாட்டுக்கும் கூட்டக் கூடாது, விருப்பமுள்ளவர்கள் என்ற முன்னொட்டோடு கூட. சமமானவர்கள் தங்களுக்குள் கூடிக்கொள்ளட்டும். அறை காலியாக இருந்தால் கொடுங்கள், எல்லா மதத்துக்கும் கொடுங்கள், மதமில்லாதவர்கள் சதுரங்கம் ஆடக் கேட்டாலும் கொடுங்கள். முறையீடு வந்தால் அதை அதே அதிகாரியின் மேசைக்கே 'உரிய நடவடிக்கைக்காக' அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். இது நடக்கிற காரியமா என்று என்னைக் கேட்காதீர்கள். மற்ற முறையீடுகளும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

கூடவே, 1997ஆம் ஆண்டின் அந்த ஆவணத்தைப் போல, விதிகளின் அடியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் அச்சிட வேண்டும். 'மத நல்லிணக்கத்துக்குக் குந்தகம் விளைவிக்கும் வகையில் நடந்துகொள்ளலாகாது' என்று மொட்டையாக எழுதினால் எந்த அதிகாரியும் அதில் தன் முகத்தைப் பார்க்கமாட்டார். "காலையில் உங்களைப் பார்க்கவே முடிவதில்லையே?" என்று எழுதுங்கள், உடனே பார்ப்பார். இத்தகைய வாக்கியங்கள் என்னிடம் இன்னும் சில இருக்கின்றன. உங்கள் வாசகர்களில் பணியில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் தாங்கள் கேட்டவற்றை, மதத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் விட்டுவிட்டு, எழுதி அனுப்பினால் ஒரு பக்கம் ஒதுக்குவீர்களா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர்